மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியைக் கேட்டிருப்பவர் வேளச்சேரிப் பக்கம் ஒரு பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை. 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர், வாரத்துக்கு 2 பீரியட், ஆண்டுக்கு 25,000 ரூபாய். மீளுருவாக்கக் கட்டடக்கலையையும் அதோடு ஒட்டிய வாழ்க்கைமுறையையும் சொல்லித்தர வேண்டும், தெர்மாகோல் மாடல், போஸ்டர் போட்டி என்று முடிந்துவிடக் கூடாது, எதில் ஆரம்பிப்பது என்று கேட்கிறார்.

உங்கள் பள்ளியின் மொட்டை மாடியில் ஆரம்பியுங்கள், டீச்சர்.

‘மீளுருவாக்கம்’ என்ற சொல்தான் பெரிது, விஷயம் எளிது. கரண்டையும் தண்ணீரையும் குறைவாகச் செலவழிக்கும் கட்டடம் கெடுதலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மீளுருவாக்கக் கட்டடம் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அது எழும்பிய பிறகு அந்த மனையில் நிலத்தடி நீர் ஏற வேண்டும், மண் வளம் கூட வேண்டும், நிழல் பெருக வேண்டும், அதுவும் போன வருடத்தைவிட இந்த வருடம் கூடுதலாக. ஆகவே அளந்து பார்க்காமல் இதைச் சொல்லித்தரவே முடியாது. மாடியில் சோலார் பேனல் வைத்த எல்லாக் கட்டடத்துக்கும் இப்போது இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே பிடிபட வேண்டும்.

வரையறையாகக் கரும்பலகையில் எழுதினால் நிற்காது. ஏரியை வைத்துச் சொல்லுங்கள். வரத்துக்கால் வழியாக மழைநீர் வருகிறது, கரை தேக்குகிறது, மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது, மிஞ்சியது கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. மேலூரின் மிச்சம் கீழூருக்கு வரவு. கட்டடத்திடமும் இதையேதான் கேட்க வேண்டும்: எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, மிஞ்சியது யாரிடம் போகிறது? தண்ணீர், வெயில், குப்பை, செங்கல் எதை எடுத்தாலும் இந்த மூன்று கேள்வியே வருடம் முழுக்கப் போதும்.

கூடவே, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, லேக் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக மயிலாப்பூர் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகர் உருவானது. 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் கிடந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டுக்கும் நடுவே 4 வருடம்கூட முழுசாக இல்லை. இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவில் பெய்த மழை எங்கே போனது என்ற கேள்வியோடு பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போங்கள்.

ஜூன் மாதம் முழுக்க அளவெடுப்புக்கே கொடுங்கள். 30 மீட்டர் டேப்பைப் பிடித்து மாடியின் நீள அகலத்தை எடுக்கட்டும். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. மாடி 400 சதுர மீட்டர் என்றால் 5,60,000 லிட்டர். தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, கழுவி வெளியே விடுவது என்று 20 சதவீதத்தைக் கழித்தாலும் 4,48,000 லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் லாரி 37 தடவை வந்து ஊற்றும் தண்ணீர் இது. பள்ளி போன வருடம் எத்தனை லாரி வாங்கியது என்ற கணக்கை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மழைமானி விலைக்கு வாங்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை 8:30-க்கு உள்ளே ஸ்கேலை விட்டு அளந்தால் அதுவே மி.மீ. டம்ளர் கூடாது, வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தாலும் தப்பு, காற்றடிக்கும் பக்கத்து மழையைச் சுவர் மறைத்துவிடும்.

அடுத்தது பக்கெட் சோதனை. இந்த வருடத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மாடியில் எத்தனை வடிகால் வாய் இருக்கிறதோ அத்தனைக்கும் எண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் கலந்த 20 லிட்டர் தண்ணீரை ஊற்றி, கீழே இரண்டு பேரை நிறுத்தி அது எங்கே வெளிவருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பள்ளியிலும் ஒரு தொட்டி இருக்கும், அதன் மேல் மூடியும் இருக்கும். ஆனால் மஞ்சள் தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு குழாய் சுவருக்குள் உடைந்து சுவரை ஊறவைக்கும். இன்னொன்று நேராகத் தெருவின் மழைநீர் வடிகாலில் இறங்கும். மூன்றாவதன் வாயில் வேப்பஞ்சருகும் காகம் போட்ட எலும்பும் கிழிந்த பந்தும் ஒரு கட்டியாக இறுகி, ஊற்றிய தண்ணீர் அங்கேயே தேங்கும். தொட்டிக்கு வந்து சேர்ந்தாலும் உள்ளே நிரப்பிய ஜல்லியும் மணலும் வண்டல் ஏறிக் கல்லாகியிருக்கும், தண்ணீர் வந்த வேகத்தில் வழிந்துவிடும். எந்த எண் வாய்க்கு என்ன நோய் என்று ஒரு வரைபடம் போட்டால், மருத்துவர் சீட்டு போல அதைப் பிளம்பர் கையில் அப்படியே கொடுக்கலாம். மாடியில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ சம்ப்புக்குள்ளோ எந்தப் பிள்ளையும் இறங்கவே கூடாது. மூடிய குழிகளில் விஷவாயு தேங்கும், பிராணவாயு இருக்காது.

பிறகு மண். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண், பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல், கிண்டிப் பக்கம் பாறை. ஒரே நகரத்தில் ஒரே அளவுக் குழி எல்லாருக்கும் ஒத்துவராது. 1 அடி நீள அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, இரண்டு தடவை நீர் நிரப்பி ஊறவிட்டு, மூன்றாவது தடவை 10 நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியது என்று குறிக்கட்டும். காய்ந்த மண்ணில் முதல் தடவையே அளந்தால் களிமண்கூட நன்றாக உறிஞ்சுவது போல ஏமாற்றும். மணலில் சில நிமிடங்களில் குழி காலியாகும். உங்கள் பக்கத்துக் களிமண்ணில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கலாம். நின்றால் 3 அடிக் குழி தோண்டிப் பயனில்லை. 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை இறக்கி, களிமண்ணைத் தாண்டி மணலோ சுக்கான் பாறையோ தட்டும் ஆழம் வரை போக வேண்டும். அவ்வளவு ஆழம் வெட்ட முடியாவிட்டால் அந்த உறைகிணற்றின் அடியிலிருந்து ஒரு ஆழ்துளைக் குழாய் (போர்) இறக்க வேண்டும். போர் வழியாக நீர் நேராக நிலத்தடிக்குப் போவதால் மாடித் தண்ணீரை மட்டுமே வடிகட்டி விடலாம். விளையாட்டு மைதானத் தண்ணீரையும் வண்டி நிறுத்துமிடத்துத் தண்ணீரையும் அதில் சேர்க்கவே கூடாது.

உறைகிணற்றுக்குள் ஜல்லி நிரப்பாதீர்கள். அது கொள்ளளவைத் தின்னும், தூர்வாரவும் விடாது. வடிகட்டலுக்கு முன்னால் தனியாக ஒரு சிறு வண்டல் தொட்டி வையுங்கள், தூர் அதிலேயே தங்கட்டும். 3 அடி விட்டம், 12 அடி ஆழமுள்ள கிணறு சுமார் 2,400 லிட்டர் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 200 சதுர மீட்டர் மாடியிலிருந்து மட்டும் 8,000 லிட்டருக்கு மேல் இறங்கும். மண் எவ்வளவு வேகமாகக் குடித்தாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்துக்குக் கலங்கல் எங்கே? மரப்பாத்திக்கா, அடுத்த கிணற்றுக்கா, தெருவுக்கா? ஏரிப் பாடம் இங்கேதான் கணக்காக மாறுகிறது, பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும் இடமும் இதுவே. கிணறு வெட்டும் செலவு உங்கள் தொகைக்குள் அடங்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். இந்த அளவுகளையெல்லாம் கொண்டுபோய் நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் பிள்ளைகளே பேசட்டும்.

செப்டம்பரில் வடிகால் வாய்களைச் சுத்தம் செய்து வலைமூடி போட்டுவிட வேண்டும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மரமும் அப்போதுதான். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நடுவதை விட்டுவிடுங்கள். கத்திரி முடிந்தும் வெயில் ஆறாத நாளில், மழைக்கு 4 மாதம் முன்னால் வைக்கும் கன்று புகைப்படத்தோடு கருகிப்போகும். அன்று விதை சேகரித்துப் பையில் போடுங்கள், அக்டோபரில் முதல் நல்ல மழைக்குப் பின் நடுங்கள். மேற்குச் சுவரிலிருந்து 15 அடி தள்ளிப் புங்கன், பூவரசு, வேம்பு, புன்னை. 2016 டிசம்பர் வர்தா புயலில் நகரத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, கிளை எளிதில் முறியும் குல்மோகரைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசி மேடை கட்டும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

வெயில் பாடத்துக்கு ஒரு குச்சி போதும். சென்னை சுமார் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிறுத்திய குச்சியின் நிழல் காலடியில் மறைந்துவிடும். ஏப்ரலில் தேர்வு நேரம் என்பதால் ஆகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அன்றைய உச்சிவேளை 12 மணிக்கு இல்லை, 12:13-ஐ ஒட்டி வரும். அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து ‘தெற்கே பெரிய கண்ணாடி வையுங்கள்’ என்று சொல்லிக்கொடுப்பது இந்த ஊருக்கு எவ்வளவு பொருந்தாது என்பதை அந்த நிழலே காட்டிவிடும். 4 அடி உயரச் சன்னலை ஜூன் மாத நண்பகலில் மறைக்க வடக்கே 9 அங்குலச் சன்ஷேட் போதும். டிசம்பரில் தெற்கே அதற்கு 3 அடி வேண்டும். ஜூனில் மாலை 4 மணிக்கு மேற்குச் சன்னலை மறைக்க 5 அடிக்கு மேல் தேவைப்படும், அப்படி யாரும் கட்டமாட்டார்கள். ஆகவே மேற்குக்குத் தட்டி, கொடி, மரம், தாழ்வாரம் இவைதான் மருந்து.

காற்றையும் விடக்கூடாது. இந்த ஊரின் புழுக்கத்துக்குக் கனத்த சுவரைவிடக் காற்றோட்டம்தான் பெரிய உதவி. ஒரு அடி நூலில் டிஷ்யூ பேப்பர்த் துண்டைக் கட்டி ஒவ்வொரு சன்னலிலும் தொங்கவிட்டு, பிற்பகலில் கடற்காற்று வரும்போது எது ஆடுகிறது, எது ஆடவில்லை என்று குறிக்கட்டும். ஆடாத சன்னலின் எதிரே பெரும்பாலும் ஒரு பீரோவோ நோட்டீஸ் போர்டோ வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை நகர்த்தக் காசு வேண்டாம்.

பிப்ரவரியில் மாடிக்கு வெள்ளையடிப்பு. மேல்மாடி வகுப்புகள் இரண்டைத் தேர்ந்து, ஒன்றின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். நீற்றின சுண்ணாம்பையே வாங்குங்கள். கல்சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த வேலை பிள்ளைகளுடையது அல்ல. நீற்றினதைக் கையாளும்போதும் கையுறை, கண்ணாடி வேண்டும். தடவி விட்டால் கையில் ஒட்டாமல் இருக்கப் பசை எவ்வளவு வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்: 1 கிலோ சுண்ணாம்புக்கு ஃபெவிகால் இல்லாமல், 50 கிராம், 100 கிராம் என்று மூன்று சதுரங்கள் அடித்து ஒரு வாரம் கழித்துத் தேய்த்துப் பாருங்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, நண்பகலில் அறைக்குள் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு ‘வித்தியாசமே இல்லை’ என்று எழுதுவது. கான்கிரீட் தளம் வெயிலை உள்வாங்கிக் கீழே இறக்கச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கூரையின் அடிப்பக்கத்தைக் காலை 9, மதியம் 1, பிற்பகல் 3:30, முடிந்தால் மாலை 6 மணிக்கும் அளந்தால்தான் உண்மை தெரியும். பளபளப்பான தகரத்தின் மேல் அந்தக் கருவி பொய் சொல்லும், அங்கே ஒரு துண்டு காகித டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த பிறகு வரும் முதல் இரண்டு மழை காரத்தன்மையோடு இறங்கும், அதைக் கிணற்றுக்கு விடாமல் மாடிக் குழாயின் கழிவு வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். வெயிலுக்குச் செய்தது தண்ணீரைக் கெடுக்கக் கூடும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது பல விரிவுரைகளுக்குச் சமம்.

கட்டுமானப் பொருள் பாடத்தை நீட்ட வேண்டியதில்லை, கைபட இரண்டு பயிற்சி போதும். முதலாவது, இரவல் செங்கல் 100 வாங்கி, சாந்தில்லாமல் தரையிலேயே ஒரே அளவில் இரண்டு சுவர் அடுக்குவது. ஒன்று வழக்கமான 9 அங்குலச் சுவர், மற்றது செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விடும் எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கியது இது. எண்ணிப் பார்த்தால் சுமார் கால்பங்கு செங்கல் மிச்சமாகும், பொந்துக் காற்று வெப்பத்தையும் தடுக்கும். இரண்டாவது, மண்கல். ஆரோவில்லில் இதற்குச் சொல்லும் நல்ல மண் கலவை 15 சதவீதம் சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி. உங்கள் மனையின் கருங்களிமண் வேலைக்கு ஆகாது, காய்ந்தால் வெடிக்கும். செம்மண் வாங்கி, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாளும் கலங்கிக்கொண்டிருக்கும். படிந்த அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால் சதவீதம் கிடைக்கும். பிறகு மர அச்சில் சிமென்ட் இல்லாமல் 3 கல், 5 சதவீதச் சிமென்டோடு 3 கல். ஈரச்சாக்கு போட்டு 28 நாள் வைத்து, இரண்டு வகையையும் பக்கெட் தண்ணீரில் முக்குங்கள். ஒன்று கொஞ்ச நேரத்தில் கரைந்து உட்காரும், மற்றது நிற்கும். உலகின் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது என்ற தகவலை அப்போது சொன்னால், எவ்வளவு குறைவாகப் போட்டால் போதும் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

வெளியே ஒரு நாள் போக முடிந்தால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போங்கள். செட்டிநாட்டு வீடு, அக்ரஹார வீடு, கேரள வீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. சுற்றிப் பார்த்துவிட்டு வராமல் டேப்பும் தெர்மாமீட்டருமாகப் போய்த் திண்ணையின் அகலம், தாழ்வார ஓட்டின் உயரம், முற்றத்துத் தரைச்சூடு, உள்ளறைச் சூடு எல்லாவற்றையும் அளந்து வர வேண்டும்.

மதியம் கைகழுவும் தண்ணீரைச் சுத்தப்படுத்த ஒரு கல்வாழைப் பாத்தி, அதாவது ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட தொட்டி. நாளுக்கு 200 லிட்டர் வந்து, 2 நாள் உள்ளே தங்க வேண்டும் என்றால் 400 லிட்டர் இடைவெளி தேவை. 20 மி.மீ. ஜல்லிக்குள் சுமார் 40 சதவீதம் இடைவெளி இருக்கும், ஆக 1 கன மீட்டர் ஜல்லி, 60 செ.மீ. ஆழம். உள்ளே நுழையும் இடத்தில் சோற்றுப்பருக்கையைப் பிடிக்க ஒரு சல்லடைத் தொட்டி வைத்து அதைத் தினமும் கழுவ வேண்டும், விட்டால் ஒரே மாதத்தில் ஜல்லி அடைத்து நாறும். தண்ணீர் மட்டம் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே இருக்குமாறு வெளிக்குழாயின் உயரத்தை வையுங்கள். மேலே தேங்கினால் கொசு வரும், கொசு வந்தால் மொத்தத் திட்டத்தையும் பெற்றோர் மூடச் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. வெளிவரும் நீர் வாழைக்கும் பப்பாளிக்கும் போகட்டும், கீரைக்கு வேண்டாம்.

உரத்தொட்டிக்கு ஒரு பங்கு உணவுக்கழிவு, மூன்று பங்கு சருகு. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. கையில் பிழிந்தால் ஒரு சொட்டு வருமளவு ஈரம் சரி.

வீட்டில் என்ன செய்வது என்று பிள்ளைகளை உபதேசம் செய்ய அனுப்பாதீர்கள், அளக்க அனுப்புங்கள். குழாயில் 1 லிட்டர் பாட்டில் எத்தனை நொடியில் நிரம்புகிறது? 6 நொடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது. ஃப்ளஷ் டேங்கில் மஞ்சள்தூள் போட்டு 15 நிமிடம் தொடாமல் விட்டால், கோப்பையில் மஞ்சள் தெரிகிறதா? தெரிந்தால் வாஷர் மாற்ற வேண்டும். ஆர்.ஓ. மெஷினில் ஒரு குடம் நல்ல நீருக்குக் கழிவுநீர் எத்தனை குடம்? அதைத் தரை துடைக்க எடுக்கலாம். டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பின் அளவு) 2,000-ஐத் தாண்டினால் செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு ஏறி இலைநுனி கருகும். அம்மாவிடம் போய் ‘தண்ணியை வீணாக்காதே’ என்று சொல்லும் பிள்ளைக்கு வீட்டில் திட்டுதான் கிடைக்கும், எண்ணோடு போகும் பிள்ளையின் பேச்சு எடுபடும்.

பணத்தைப் பொறுத்தவரை டேப், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், டி.டி.எஸ். மீட்டர் முதலில். பிறகு வலைமூடிகள், குழாய் ரிப்பேர். மீதியில் சுண்ணாம்பு, ஜல்லி, கன்றுகள். பேனர், பேட்ஜ், கோப்பைக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

மதிப்பெண்ணைப் பதிவேட்டுக்குக் கொடுங்கள். தடித்த நோட்டு ஒன்று போதும்: தினசரி மழை, வாரத்துக்கு ஒருமுறை கிணற்று நீர்மட்டம் (மூடியிலுள்ள துளை வழியாகக் கல் கட்டிய கயிற்றை விட்டு அளக்கலாம்), லாரி எண்ணிக்கை, கூரைச்சூடு, கன்றுகளின் உயரம். வாரம் இரண்டு பேர் முறை வைத்து எழுதி, கீழே பெயர் போட வேண்டும். விட்டுப்போன நாளை யூகித்து நிரப்பாமல் ‘அளக்கவில்லை’ என்று எழுதப் பழக்குங்கள். கிணற்று மட்டம் ஏறியதா என்பதற்கு ஒரு வருட மழை விடை சொல்லாது, குறைந்தது மூன்று பருவம் வேண்டும். அதற்குள் இப்போதைய 9-ஆம் வகுப்பு மன்றத்தைவிட்டே போய்விடும் என்பதால் ஏப்ரல் கடைசியில் நோட்டை அடுத்த செட்டிடம் ஒப்படைக்க ஒரு பீரியட் ஒதுக்குங்கள். மே விடுமுறையில் கல்வாழைப் பாத்திக்கு வாரம் 2 தடவையும் கன்றுகளுக்கு 3 தடவையும் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள், கேட் சாவி யாரிடம் என்பதை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் புது 8-ஆம் வகுப்பு மஞ்சள்தூளும் பக்கெட்டுமாக மாடியேறட்டும்.